ஏடிவியின் முன் ஆக்சில் டிஃபரன்ஷியலை விட்டு வரவில்லையா? எங்கே இழுக்க வேண்டும், எங்கே இழுக்கக் கூடாது

கேள்வி இது: வண்டி ஹோண்டா ராஞ்சர் 420 ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும், ஹேண்டில் வைத்த நான்கு சக்கர வண்டி), நான்கு சக்கர இயக்கம் உள்ள மாடல். இடது முன் ஆக்சிலின் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) வெளிப்பக்க பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறது. ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும்போது கடக் கடக்கென்று சத்தம். சக்கரம், ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) இரண்டும் கழற்றியாயிற்று. ஆனால் ஆக்சில் டிஃபரன்ஷியலை (இரண்டு பக்க ஆக்சிலுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) விட்டு அசையவே மாட்டேன் என்கிறது. உள்ளே போல்ட் ஏதாவது மறைந்திருக்கிறதா, டிஃபரன்ஷியலைப் பிரிக்க வேண்டுமா?

போல்ட் எதுவும் இல்லை, பிரிக்கவும் வேண்டாம். ஆக்சிலின் உள்முனையில் இருக்கும் ஸ்ப்லைனின் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) கடைக்கோடியில் வட்டமாக ஒரு காடி வெட்டியிருக்கும். அதில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று, அதாவது சர்க்கிளிப், உட்கார்ந்திருக்கும். ஆக்சிலை உள்ளே தள்ளும்போது இந்த வளையம் சுருங்கி சைடு கியரை (டிஃபரன்ஷியலுக்குள் ஆக்சில் முனை நுழையும் பல்சக்கரம்) கடந்து, அந்தப் பக்கம் போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். உங்கள் ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பது அவ்வளவுதான். வெளியே வர அந்த வளையம் மறுபடி சுருங்க வேண்டும். மெதுவாக, தொடர்ந்து இழுத்தால் அது சுருங்காது. சட்டென்று ஒரு வெட்டு இழுப்பு வேண்டும். அதுவும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் ஸ்ப்லைன் கியருக்குள் இறுகுமே தவிர வளையம் சுருங்காது.

எங்கே பிடித்து இழுக்கிறீர்கள் என்பதுதான் பாதிப் பிரச்சினை. நடுவில் இருக்கும் தண்டைப் பிடித்து இழுப்பவர்கள்தான் அதிகம். டிஃபரன்ஷியல் பக்கத்து சிவி ஜாயின்ட் (ஆக்சில் வளைந்தபடியே சுழல விடும் மூட்டு), சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது தண்டு உள்ளே வெளியே நகர இடம் கொடுக்கும் வகை. தண்டை இழுத்தால் முதலில் அந்த நகர்வு முழுக்கத் தீரும். அதற்கு மேலும் பலம் கொடுத்தால், அந்த ஜாயின்ட்டின் வெளி உறையான கிண்ணத்தின் வாயில் இருக்கும் கம்பி வளையம் பிதுங்கி, உள்ளே உள்ள பந்துகள் ரப்பர் பூட்டுக்குள் சிதறும். ஆக்சில் இரண்டாகி, கிண்ணம் மட்டும் டிஃபரன்ஷியலில் தங்கிவிடும். அதனால் விசை முழுக்க உள் ஜாயின்ட்டின் கிண்ணத்தில், டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும் அந்தத் தடித்த உருளையில் மட்டுமே விழ வேண்டும். இந்த வேலையில் கெடுவதெல்லாம் விசை வேறு இடத்தில் விழுவதால்தான் கெடுகிறது.

இழுப்பதற்கு முன், ஆக்சில்தான் கோளாறு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திருப்பத்தில் மட்டும் சத்தம் என்றால் வெளி ஜாயின்ட். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதிர்வோ தடதடப்போ வந்தால் பெரும்பாலும் உள் ஜாயின்ட். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது என்றால் அது ஆக்சிலே அல்ல. நக்கிளில் (ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகம்) உள்ள பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). பூட் கிழிந்தது சமீபத்தில்தான், சேறு உள்ளே போகவில்லை, சத்தமும் இல்லை என்றால் முழு ஆக்சில் வாங்க வேண்டியதில்லை. கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து, பூட் மட்டும் மாற்றினால் போதும். உங்களுக்குச் சத்தம் வந்துவிட்டது. பந்து ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கும். எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் குழி நிரம்பாது.

கையில் இருக்க வேண்டியவை: சக்கர நட்டுக்கு 17 மி.மீ. பாக்ஸ், ஹப் நட்டுக்குப் பெரிய பாக்ஸ் (வண்டியைப் பொறுத்து பெரும்பாலும் 24 முதல் 32 மி.மீ.க்குள் இருக்கும், அளந்துவிட்டு வாங்குங்கள்), நீளக் கைப்பிடி, டார்க் ரென்ச், இரண்டு லீவர் கம்பிகள், பித்தளை அல்லது ரப்பர் சுத்தியல், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, எண்ணெய் பிடிக்கத் தட்டு. புதிதாக வாங்க வேண்டியவை: ஆக்சில் சர்க்கிளிப், டிஃபரன்ஷியலின் பக்கவாட்டு ஆயில் சீல், எல்லா காட்டர் பின்களும் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி ஊசிகள்). சீல் கசியவில்லையே, எதற்கு மாற்றுவது என்று கேட்பார்கள். பழைய ஆக்சில் தேய்த்த தடத்திலேயே பழகிய சீல், புது ஆக்சில் வந்ததும் கசியத் தொடங்குவது வழக்கம். விலை குறைந்த பொருளுக்காக இதே வேலையை இரண்டாம் தடவை செய்ய வேண்டாம்.

ஹப் நட்டைத் தளர்த்துவது வண்டி தரையில் நிற்கும்போதே நடக்க வேண்டும். ரிம்மின் நடு மூடியை எடுத்து, காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு நட்டைத் திருப்புங்கள். தூக்கி நிறுத்திய வண்டியில் நீளக் கைப்பிடி போட்டுத் தொங்கினால் வண்டியே ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும். ஜாக்கியை என்ஜின் அடித்தகட்டின் நடுவே, ஃபிரேம் குழாய்கள் தாங்கும் இடத்தில் கொடுங்கள். ஸ்டாண்டுகளை ஃபிரேமுக்குக் கீழே வையுங்கள். ஏ-ஆர்முக்குக் (நக்கிளை ஃபிரேமோடு இணைத்து ஏறி இறங்கும் கை) கீழே வைத்தால் வேலையே நடக்காது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

சக்கரம் கழன்றதும் பிரேக் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளை எடுத்து, காலிப்பரை மேல் ஏ-ஆர்மிலோ ஃபிரேமிலோ கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் பாரம் விழக் கூடாது. காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்; பிஸ்டன் வெளியே வந்து நின்றுவிடும். ஹப், டிஸ்குடன் சேர்ந்து ஸ்ப்லைனிலிருந்து உருவி வரும். வரவில்லை என்றால் துரு. துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிட்டு சிறிது நேரம் விடுங்கள், பிறகு புல்லர் போடுங்கள். ஆக்சில் முனையில் சுத்தியலால் அடிக்கத்தான் வேண்டும் என்றால், நட்டை முனைக்குச் சமமாகத் திருகி, மேலே பித்தளைத் துண்டு வைத்து அடியுங்கள். வெறும் முனையில் இரும்புச் சுத்தியல் பட்டால் மரை காளான் போல விரிந்துவிடும். அதற்குப் பிறகு நட்டும் ஏறாது, நக்கிள் பேரிங் வழியே ஆக்சிலும் வெளிவராது.

அடுத்து நக்கிளை நகர்த்தி இடம் உண்டாக்க வேண்டும். கேள்வியைப் படித்தால் நீங்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டதாகத் தோன்றுகிறது. நக்கிள் இருந்த இடத்திலேயே இருந்தால் ஆக்சிலுக்கு வெளியே வர இடமே கிடையாது. சர்க்கிளிப் விட்டுக்கொடுத்தாலும் வராது. டை ராடு (ஸ்டீயரிங்கிலிருந்து நக்கிளைத் திருப்பும் கம்பி) முனையின் பால் ஜாயின்ட்டை நக்கிளிலிருந்து விடுவியுங்கள். டை ராடின் நீளத்தை மாற்றும் லாக் நட்டை மட்டும் தொடாதீர்கள், சக்கரங்களின் நேர்நிலை கலைந்துவிடும். பிறகு மேல் ஏ-ஆர்மின் பால் ஜாயின்ட். இது கூம்பு வடிவத் தண்டு என்றால் நட்டை முழுக்க எடுக்காமல் சில மரைகள் மீதி வைத்துத் தளர்த்தி, நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி அடியுங்கள், விடுபடும். கவட்டை வடிவப் பிரிப்பானை அடித்துச் செருகினால் பால் ஜாயின்ட்டின் ரப்பர் கிழியும். அதை மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். போலாரிஸ் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ்மன் ஏடிவி வகைகள் பலவற்றில் கூம்புத் தண்டுக்குப் பதிலாக, நக்கிளில் பிளவும் அதை இறுக்கும் குறுக்கு போல்ட்டும் இருக்கும். அங்கே போல்ட்டை முழுக்க உருவிவிட்டு, பிளவில் உளியை லேசாகச் செருகி விரித்தால் பால் ஜாயின்ட் மேலே எழும்பி வரும்.

மேல் ஜாயின்ட் விடுபட்டதும் நக்கிள் கீழ் ஜாயின்ட்டை அச்சாகக் கொண்டு வெளிப்பக்கம் சாயும். அதைச் சாய்த்தபடியே ஆக்சிலின் வெளிமுனையை நக்கிளிலிருந்து உருவி எடுங்கள். ஆக்சிலை அப்படியே தொங்க விடாதீர்கள். உள் பூட் ஒரு பக்கமாக மடிந்து கிழியும். பழைய ஆக்சில்தானே என்றாலும், அந்தக் கோணத்தில் உள் ஜாயின்ட் வாய் திறந்து கழன்றுகொள்ள வாய்ப்பிருக்கிறது. ஒரு கட்டையோ கயிறோ கொடுத்து ஏறக்குறையக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். இடம் இன்னும் போதவில்லை என்றால் கீழ் ஜாயின்ட்டையும் விடுவித்து நக்கிளை முழுதாக எடுத்துவிடுவது நல்லது. பழைய போலாரிஸ்களில் முன்பக்கம் ஏ-ஆர்முக்குப் பதிலாக ஸ்டிரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) இருக்கும். அதில் கீழ் பால் ஜாயின்ட்டை விடுவித்தால் ஸ்டிரட்டோடு எல்லாம் வெளியே ஆடும். அவற்றில் சில மாடல்களில் நான்கு சக்கர இயக்கத்தின் கிளட்ச் ஹப்புக்குள்ளேயே இருக்கும், அதற்கென்று தனித் திரவமும் உண்டு. ஹப் மூடியைத் திறந்ததும் எண்ணெய் கொட்டினால் சீல் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

எண்ணெய் வடிக்க வேண்டுமா? ஆக்சில் உருவிய துளை வழியே கொஞ்சமாவது வெளியே வரும். முன் டிஃபரன்ஷியலில் மொத்தமே கால் லிட்டர் அளவுதான் பிடிக்கும், அதனால் முதலிலேயே வடித்துவிடுவது என் பரிந்துரை. வடியும் எண்ணெயைக் கொஞ்சம் கவனியுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உங்கள் சீல் ஏற்கெனவே போய்விட்டது. வடிகால் போல்ட்டில் உலோகத் துகள் பசை போல ஒட்டியிருப்பது சாதாரணம். சில்லுச் சில்லாக இருந்தால் ஆக்சிலோடு கதை முடியப் போவதில்லை.

இழுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை அளந்து குறித்துவையுங்கள்: டிஃபரன்ஷியல் உடலுக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி? புது ஆக்சில் முழுக்க உட்கார்ந்ததா என்று கடைசியில் சந்தேகமில்லாமல் சொல்லப்போவது இந்த ஒரே எண்தான். பிறகு சுற்றியுள்ள சேற்றைத் தண்ணீரடித்து, துடைத்து, காய விடுங்கள். சீல் வெளியே வரும்போது அதன் ஓரத்தில் நிற்கும் மணல் நேராக உள்ளே விழும்.

இப்போது இழுப்பு. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் உள்நோக்கி ஒரு தட்டு, உடனே வெளிநோக்கி ஒரு வெட்டு. உள்ளே தள்ளுவதால் வளையம் கியரின் விளிம்பிலிருந்து விலகி, காடியின் நடுவே வந்து நிற்கும். வரவில்லையா? ஆக்சிலைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி முயலுங்கள். வளையத்தின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு நிலையில் பிடிவாதமாக நிற்பது இன்னொரு நிலையில் சுலபமாக வந்துவிடும். நான்கு நிலையிலும் முயன்றுவிட்டுத்தான் லீவரை எடுக்க வேண்டும்.

லீவர் போடும்போது ஒன்று அல்ல, இரண்டு. கிண்ணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், கடிகாரத்தின் மூன்றும் ஒன்பதும் போல, இரண்டையும் செருகி ஒரே நேரத்தில் வெட்டென்று நெம்ப வேண்டும். ஒற்றை லீவர் ஆக்சிலைச் சாய்க்கும், சாய்ந்த ஆக்சில் இறுகும். டிஃபரன்ஷியல் உடல் அலுமினியம். லீவரின் முனை அதில் பதியாமல் இடையில் ஒரு மரப்பட்டை அல்லது தகடு கொடுங்கள். உடலில் தடித்த விலா போன்ற புடைப்புகள் இருக்கும், தாங்க வேண்டியது அங்கேதான். சீல் உட்காரும் வாயின் ஓரத்தில் தாங்கினால் ஓரம் சிதைந்து, புது சீலும் அங்கே கசியும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஸ்லைடு ஹேமர், அதாவது கம்பியில் ஓடும் எடை அடித்து இழுக்கும் கருவி. அதன் முனையில், கிண்ணத்தின் பின்விளிம்பைப் பிடிக்கும் கவட்டை ஒன்றை மாட்டி, இரண்டு மூன்று அடி அடித்தால் கிட்டத்தட்ட எல்லா ஆக்சிலும் வரும். கருவி இல்லாதவர்கள், கிண்ணத்துக்குப் பின்னால் பலமான நைலான் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மறுமுனையில் கனமான எதையாவது கட்டி, தளர்வாக விட்டுவிட்டு வெட்டி இழுப்பதும் உண்டு. தத்துவம் அதேதான். பட்டையை இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பதை மட்டும் செய்ய வேண்டாம். அது மெதுவான இழுப்பு. ஸ்டாண்டு மேல் நிற்கும் உங்கள் வண்டிதான் முதலில் வரும்.

கிண்ணம் ஏற்கெனவே தனியாகத் தங்கிவிட்டதா? அதுவும் தீரும். ரப்பர் பூட்டை வெட்டி எடுத்து, உள்ளே துடைத்துப் பாருங்கள். கம்பி வளையம் உட்கார்ந்திருந்த காடி கிண்ணத்தின் வாய் ஓரத்தில் உள்பக்கமாக இருக்கும். ஸ்லைடு ஹேமரின் கொக்கியை அதில் மாட்டி இழுக்கலாம். புது ஆக்சில் வாங்கியிருப்பதால் கிண்ணம் போனாலும் பரவாயில்லை. டிஃபரன்ஷியலுக்கு அடி படாமல் இருந்தால் சரி. கடைசி வழி, டிஃபரன்ஷியலை ஆக்சிலோடு வண்டியிலிருந்து இறக்கி, மேசையில் வைத்துச் செய்வது. சைடு கியரின் ஓரம் அடிபட்டுப் பிசிறு எழும்பி வளையத்தைப் பிடித்திருந்தால் தவிர இந்தக் கட்டம் வராது.

வெளியே வந்த ஆக்சிலின் முனையில் சர்க்கிளிப் முழுதாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள். பாதி உடைந்து உள்ளே விழுந்திருந்தால் அதைக் காந்தத்தால் எடுக்காமல் மேற்கொண்டு ஒன்றும் செய்யக் கூடாது. போலாரிஸின் முன் கியர்கேஸில் இன்னொரு எச்சரிக்கை: ஆக்சில் இறுகியிருந்தால் உள்ளே இருக்கும் வெளியீட்டு ஹப்பும் சேர்ந்து வெளியே நகர முயலும். அங்கே ரோலர் கிளட்ச் அமைப்பு இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதைவிடப் பொறுமையாகத் திருப்பித் திருப்பி இழுப்பதே மேல்.

புதியதை மாட்டுவதில் சிக்கல் குறைவு. பழைய சீலைக் கொக்கியால் எடுத்து, வாயைத் துடைத்து, புது சீலை நேராக, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். அதன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள். புது ஆக்சிலையும் பழையதையும் பக்கத்தில் வைத்து நீளம், ஸ்ப்லைன் பற்கள், சீல் ஓடும் பகுதியின் விட்டம் மூன்றையும் ஒப்பிடுங்கள். இடதும் வலதும் ஒரே நீளமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஆக்சிலோடு வரும் சர்க்கிளிப் சில நேரம் தேவைக்கு மேல் விரிந்திருக்கும். விரலால் அமுக்கினால் காடிக்குள் முழுக்க இறங்க வேண்டும். காடியில் கொஞ்சம் கெட்டியான கிரீஸ் வைத்தால் வளையம் ஒரு பக்கம் தொங்காமல் நடுவில் நிற்கும், உள்ளே போகும்போது மாட்டாது. ஸ்ப்லைன் சீலின் உதட்டைக் கீறாமல், ஆக்சிலின் எடையை சீல் மேல் சாய்க்காமல், மெதுவாக நுழைத்து, பற்கள் பொருந்தியதும் ஒரே தள்ளு. டக்கென்று உட்காரும் சத்தம் கேட்கும் அல்லது கையில் தெரியும். கிண்ணத்தைப் பிடித்து லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. குறித்துவைத்த இடைவெளியோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் அது உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் பள்ளத்தில் சஸ்பென்ஷன் தொங்கும்போது ஆக்சில் வெளியே வழுகி, சீலையும் எண்ணெயையும் இழப்பீர்கள்.

வெளிமுனையின் ஸ்ப்லைனில் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் கிரீஸ் தடவிவிட்டு நக்கிளில் செருகுங்கள். அடுத்த தடவை ஹப் துருவில் பிடிக்காது. பால் ஜாயின்ட்டின் கூம்பிலும் மரையிலும் கிரீஸ் வேண்டாம். காலிப்பர் போல்ட்டுகளுக்கு நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை). ஹப் நட்டின் இறுக்கத்தை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்தே செய்யுங்கள், ஏனென்றால் இது வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும்: போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் பலவற்றில் 108 நியூட்டன் மீட்டர், யமஹா கிரிஸ்லி 700இல் 260. ஒன்றின் எண்ணை இன்னொன்றில் போட்டால் பேரிங் போகும் அல்லது மரை போகும். சொன்ன இறுக்கத்தில் காட்டர் பின் துளை பொருந்தவில்லை என்றால் பொருந்தும் வரை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். தளர்த்திப் பொருத்தாதீர்கள்.

ராஞ்சரின் முன் டிஃபரன்ஷியலுக்கு எஸ்ஏஇ 80 ஹைப்பாய்டு கியர் எண்ணெய். போலாரிஸ்காரர்கள் இதைப் பார்த்து ஊற்றிவிடாதீர்கள், அதற்கு டிமாண்ட் டிரைவ் திரவம் என்று தனியாக உண்டு. சாதாரண கியர் எண்ணெயில் ரோலர்கள் சரியாகப் பிடிக்காது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் மட்டத்துக்கு ஊற்றுங்கள். வண்டியைத் தூக்கி வைத்தபடியே ஊற்றினால் மட்டம் பொய் சொல்லும்.

புது ஆக்சில் வர நாளாகும், அதுவரை இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆக்சில் இல்லாமல் ஹப்பை மட்டும் மாட்டி ஓட்ட முடியாது. ஹப்பையும் பேரிங்கையும் நக்கிளோடு இறுக்கிப் பிடித்திருப்பதே ஆக்சிலின் வெளிமுனையும் அந்த நட்டும்தான். ஓட்டியே ஆக வேண்டும் என்றால் பழைய ஆக்சிலைப் பிரித்து, வெளி ஜாயின்ட்டின் கிண்ணத்தை மட்டும், உள்ளிருக்கும் பந்துகளையும் கூண்டையும் எடுத்துவிட்டு, நக்கிளில் மாட்டி நட்டை முழு இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். டிஃபரன்ஷியலின் துளையை எண்ணெய் கசியாமல், சேறு நுழையாமல் நன்றாக அடைக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைப் போடவே கூடாது. தோட்டத்திலிருந்து கொட்டகை வரை கொண்டுவர இது போதும். தண்ணீரில் இறக்க அல்ல.

வேலை முடிந்ததும் வண்டியை இறக்கும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பூட் எங்கேயும் உரசக் கூடாது, பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. பிரேக் லீவரைச் சில தடவை அமுக்கி அழுத்தம் வந்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். சமமான மண் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு மெதுவாக எட்டு வடிவில் சுற்றுங்கள். தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம், முன்பக்க அமைப்பு முழுக்க முறுக்கேறும். முதல் ஓட்டம் முடிந்ததும் சீலைச் சுற்றி விரல் வைத்துத் தடவிப் பாருங்கள், சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். வலது ஆக்சிலின் பூட்டையும் அப்படியே விரலால் மடித்து மடித்துப் பார்த்துவிடுங்கள். இடதுக்கும் அதற்கும் ஒரே வயதுதான், மடிப்புகளின் அடியில் வெடிப்பு தெரிந்தால் கிழியும் முன் பூட் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம்.